அளவு ரவிக்கை களவு

சன்னதி வீதியில் வெயில் இறங்குவதற்கு முன்பே செய்தி இறங்கிவிட்டது. தையல்காரர் இருளாண்டி கடையில் களவு!

கல்லாப் பெட்டி போகவில்லை. தையல் மிஷின் போகவில்லை. மேஜைமேல் மடித்து வைத்திருந்த அரக்குப் பட்டுத் துணியைக் கள்ளன் தொடக்கூட இல்லை. போனது ஒரு பழைய ரவிக்கை. சாயம் வெளுத்த நீல ரவிக்கை. இரண்டு அக்குளிலும் சதுரமாக ஒட்டுத்துணி வைத்துத் தைத்தது.

"ஒரு பழந்துணிக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" என்று சிரித்துவிட்டு ஆவுடையார்கோவில் ஊரே தன் வேலையைப் பார்க்கப் போயிருக்கும். ரவிக்கைக்குச் சொந்தக்காரி யார் என்று தெரிந்ததும் நின்றுவிட்டது.

உண்ணாமலை!

செக்கு வெள்ளைச்சாமியின் மனைவி. அவள் எதிரே வந்தால் மாட்டுவண்டி ஓரம் கட்டும் என்று ஊரில் ஒரு கேலி உண்டு. அதைக் கட்டிவிட்டவளே அவள்தான். நல்லெண்ணெயில் வளர்ந்த உடம்பு என்று தோளைத் தட்டிச் சொல்லிக்கொள்வாள். அவள் பாட்டெடுத்தால் கண்மாய்க் கரையில் மேய்கிற ஆடு தலை தூக்கும். மார்கழித் திருவாதிரைக் கும்மிக்குப் பல வருஷமாக அவள்தான் முதலாள். வட்டத்தின் நடுவே நின்று அவள் பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். அவள் கை உயர்ந்தால்தான் மற்றக் கைகள் உயரும்.

போன வருஷம் அந்தக் கை உயர்ந்தபோதுதான் விபரீதம் நடந்தது.

டர்ர்ர்!

வலது அக்குளில் தையல் விட்டது. கூட்டத்தில் முதலில் சிரித்தவர் மிராசு ரெங்கசாமி. "யானைக்கு அங்கி தச்சா இப்படித்தான்!" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. உண்ணாமலை கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு அந்த அடியை மட்டும் பாடி முடித்தாள். பிறகு வட்டத்தை விட்டு வெளியே நடந்தாள். மீதிப் பாட்டை ரெங்கசாமியின் மனைவி சொர்ணவல்லி எடுத்துக் கொடுத்தாள். கொடி மாதிரி இருப்பவள் என்று ஊரில் பெயர் வாங்கியவள். குரலும் கொடி மாதிரிதான். காற்றடித்தால் ஆடும்.

இந்த வருஷம் கும்மிப் பெண்கள் கூடிப் பேசி ஒரு முடிவு செய்திருந்தார்கள். உண்ணாமலை புது ரவிக்கை போட்டு வந்து, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கித் தட்டிக் காட்டவேண்டும். தையல் நின்றால் முதலிடம் அவளுக்கு. இல்லாவிட்டால் சொர்ணவல்லிக்கு. அதற்காக எடுத்ததுதான் அந்த அரக்குப் பட்டு.

திருவாதிரைக்கு இன்னும் மூன்றே நாள். துணி இருக்கிறது, அளவைக் காணோம்!

செய்தி எட்டியதும் உண்ணாமலை முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்துக்கொண்டு கடைக்கு வந்தாள். வீட்டில் அவள் ரவிக்கை போடுவதில்லை. அந்த ஊரில் பாதிப் பெண்கள் அப்படித்தான். கோயில், கல்யாணம், கும்மி என்றால்தான் ரவிக்கை.

"என்னண்ணே, மெய்தானா?"

"இந்தக் கொடியிலதான் தாயி போட்டிருந்தேன். டீ குடிச்சிட்டு வந்து பாக்குறேன், இல்லை." இருளாண்டி காதில் செருகியிருந்த சாக்குக்கட்டியை எடுத்து மறுபடி செருகிக்கொண்டார். "நீ கவலைப்படாத. வீட்டுல வேற ரவிக்கை இருக்குமே, அதைக் குடுத்தனுப்பு."

"இருக்குறதெல்லாம் நீங்க தச்சது. ஒண்ணுலயும் என் கை நுழையாது. அந்த நீலம் ஒண்ணுதான் ஒடம்புக்குச் சரியா இருந்துச்சு. கோட்டைப்பட்டினத்துல ஒரு தையக்காரம்மா மேல கைவச்சு அளந்து தச்சுக் குடுத்தது. அவுக புருசனோட கொழும்புக்குப் போயிட்டாக. பேசாம நீங்களே டேப்பை எடுத்து அளந்துடுங்க."

இருளாண்டியின் கையிலிருந்த கத்தரி மேஜைமேல் விழுந்தது.

"சிவ சிவா! ஊருக்குள்ள நான் குடியிருக்க வேணாமா?"

அதுதான் அந்த ஊரின் வழக்கம். எந்தப் பெண்ணும் தையல்காரர் முன்னால் நின்று அளவு கொடுக்கமாட்டாள். மஞ்சள் பையில் ஓர் அளவு ரவிக்கையைப் போட்டு அனுப்புவாள். அதை வைத்து அவர் வெட்டவேண்டும்.

அளவுக்கு எந்த ரவிக்கையை அனுப்புவது? அங்கேதான் சூட்சுமம். இன்று போட்டிருப்பதை ஒருத்தியும் அனுப்புவதில்லை. கல்யாணத்தில் போட்டதைப் பெட்டியின் அடியிலிருந்து தோண்டி எடுத்து அனுப்புவாள். இப்போது மூன்று பிள்ளை பெற்றிருப்பாள், அது வேறு விஷயம். தைத்து வந்ததும் மூச்சை உள்ளிழுத்துப் போட்டுக்கொண்டு, "இந்த இருளாண்டிக்குத் தைக்கவே தெரியலை" என்பாள். போதாக்குறைக்குக் கடைச் சுவரில் மதராஸ் காலண்டர்ப் படம் ஒன்று. உப்பிய கை வைத்த ரவிக்கையோடு ஒரு பெண் ரோஜாப்பூவை முகர்ந்துகொண்டிருப்பாள். அவள் இடுப்பை ஒரு சாண் கயிற்றால் கட்டிவிடலாம். ஊரில் எல்லாருக்கும் அவள் போட்டிருப்பதுதான் வேண்டும்.

உண்ணாமலை கொடியில் தொங்கிய மற்ற அளவு ரவிக்கைகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்தாள். ஒன்றைத் தன் முழங்கையில் மாட்டிப் பார்த்தாள். அது அங்கேயே நின்றுகொண்டது.

"அண்ணே, இதெல்லாம் யாரோடது? பள்ளிக்கூடத்துப் பிள்ளைக துணியா?"

"நீ வேற. எல்லாம் நம்ம ஊருப் பொம்பளைகளோடதுதான். இந்தக் கொடியைப் பாத்தா, ஆவுடையார்கோவில்லயே பெருத்தவ நீ ஒருத்திதான் தாயி. ஆம்பளைக மட்டும் என்ன வாழுதாம்? மிராசுக்கு ஒரு ஜிப்பா தைக்கணும், கல்யாணத்துக்குப் போட்டதை அனுப்பியிருக்காரு."

உண்ணாமலை சிரித்தாள். சட்டென்று சிரிப்பை நிறுத்தி, மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

ஒட்டுப்போட்ட பழந்துணி. விற்றால் காசு தேறாது. என்னைக் கும்மியிலிருந்து கழற்றுவதற்காகத் திருடியிருந்தால், பட்டுத் துணியையல்லவா முதலில் தூக்கியிருக்கவேண்டும்? அப்படியானால் எடுத்தவளுக்கு வேண்டியது அந்த ரவிக்கையேதான். எதற்கு வேண்டும்? போட்டுக்கொள்ள! அது ஒருத்திக்குச் சேரவேண்டும் என்றால் அவள் என் பருமன் இருக்கவேண்டும்.

"அண்ணே," என்றாள் மெதுவாக, "இந்த ஊர்ல என்னையாட்டம் இன்னொருத்தி இருக்கா. ஒளிஞ்சுக்கிட்டிருக்கா."

"எங்க ஒளியிறது? அம்புட்டு ஒடம்பை எங்கிட்டு ஒளிக்கிறது?"

"முந்தானையை ரெண்டு சுத்துச் சுத்திப் போத்தி ஒளிக்கலாம்ணே. சாயங்காலம் சொல்றேன்."

அன்று சாயங்காலம் கோயிலில் கூட்டம் நெரிந்தது. திருவிழாக் காலம். அந்தக் கோயிலில் சாமிக்கு உருவம் கிடையாது. வெறும் பீடம்தான். புழுங்கலரிசிச் சாதத்தை ஆவி பறக்கப் படைத்துக்கொண்டிருந்தார்கள். சனம் முழுவதும் சன்னதியைப் பார்த்து நின்றது. உண்ணாமலை மட்டும் தூணோரமாகச் சாய்ந்து, சனத்தைப் பார்த்து நின்றாள். சாமி கோபிக்காது, உருவத்தைப் பற்றிய விசாரணைதானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மணி அடித்தது. தீபம் உயர்ந்தது.

ஆண்களின் கைகள் தலைக்குமேல் போயின. பெண்களின் கைகள்? கிளம்பின. மார்பு வரை வந்தன. அங்கேயே நின்றன. ஒருத்தி மோவாய் வரை கொண்டுபோய், முகத்தைச் சுளித்து இறக்கிவிட்டாள். வரிசை முழுக்க அதே கதை. பக்தியில் குறைவில்லை. ரவிக்கை விடவில்லை.

உண்ணாமலையின் கண் வரிசையில் ஓடியது. ஓடி, ஓரிடத்தில் நின்றது.

ஒரே ஒருத்தியின் இரண்டு கைகள் மட்டும் தடையில்லாமல் உச்சிக்குமேல் எழும்பிக் கூப்பியிருந்தன. தீபம் இறங்கியது. அந்தக் கைகள் இறங்கவில்லை. விரல்களைக் கோத்து, முறித்து, இன்னும் கொஞ்சம் மேலே நீட்டிச் சுகம் கண்டுகொண்டிருந்தன. போர்த்திய முந்தானை விலகியது. அக்குளில் சதுரமாக, வெளுத்த நீலம்.

சொர்ணவல்லி!

போன வாரம்வரை மோவாய்க்குக் கீழே விரல் நுனியைச் சேர்த்துக் கும்பிட்டவள்!

வெளிப் பிரகாரத்தில், குதிரை வீரன் தூணுக்குப் பின்னால் உண்ணாமலை அவளை மடக்கினாள்.

"மதினி, ரவிக்கை நல்லா இருக்கே. எங்க தச்சது?"

சொர்ணவல்லி முந்தானையை இழுத்தாள். அதற்குள் பார்த்தாகிவிட்டது. அவள் முகம் வெளிறியது.

"கத்திராதீங்க மதினி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"கத்துறதா? என் குரல் கண்மாய்க் கரை வரைக்கும் கேக்கும். தெரியுமில்ல?"

"தெரியும்." சொர்ணவல்லி தூணில் சாய்ந்துகொண்டாள். "என் ரவிக்கையை வாங்கப் போனேன். கடையில ஆளில்லை. ஒங்களோடது தொங்குச்சு. சும்மா கையை விட்டுப் பாத்தேன். சர்ருன்னு போயிருச்சு. கொக்கி போட்டேன், போட வந்துச்சு! மதினி, அப்பதான் மூச்சு விட்டேன். கல்யாணமானதுலேருந்து விடாத மூச்சு. கழட்ட மனசு வரலை. அப்படியே முந்தானையைப் போத்திக்கிட்டு ஓடியாந்துட்டேன்."

"நெசமாவே கும்மியில என்னைக் கவுக்க எடுக்கலையா?"

"ஆத்தா சத்தியமா இல்லை. கும்மிக்கு முன்னாடி நிக்கிறதை நெனைச்சாலே எனக்குக் குலை நடுங்குது. கொடி மாதிரி, கொடி மாதிரின்னு எங்க வீட்டுக்காரவுக ஊரெல்லாம் பீத்திக்கிறாக. கொடி பூசணியாயி வருசக்கணக்காச்சு. வெளியில சொல்ல முடியுமா?"

உண்ணாமலை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த இடத்தில் ஒரு குரல் கொடுத்தால் போதும். போன வருஷச் சிரிப்புக்கு வட்டியோடு பதில். பிரகாரத்தில் ரெங்கசாமியின் செருமல்கூடக் கேட்டது.

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"அந்த நீலத்துல இடது பக்கம் மூணாவது கொக்கி குத்துமே?"

"குத்துது மதினி."

"எனக்கும் குத்தும். வாங்க."

"எங்கிட்டு?"

"தையக்காரர் வீட்டுக்கு."

இருளாண்டியின் கடைக்குப் பின்கட்டுத்தான் வீடு. உண்ணாமலை கடைப் பக்கம் திரும்பாமல் நேரே அடுப்படிக்குப் போனாள். அங்கே இருளாண்டியின் மனைவி பிச்சையம்மாள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"பிச்சை, ஒனக்கு டேப்புப் பிடிக்கத் தெரியுமா?"

"மிஷினே ஓட்டுவேன். பொத்தான் தைக்கிறது, காஜா எடுக்குறதெல்லாம் நான்தானே? ஏன் கேக்குறீக?"

"பின்ன, நீயே பொம்பளைகளை அளக்குறதுக்கென்ன?"

பிச்சையம்மாள் புளிக்கையோடு நிமிர்ந்தாள். "இந்தத் தெருவுல ஒருத்தியாவது என்னைக் கேட்டீகளா? மூட்டை மூட்டையாப் பழசைத்தானே அனுப்புனீக!"

கை கழுவிவிட்டு வந்தாள். கதவு சாத்தப்பட்டது. டேப் உண்ணாமலையைச் சுற்றி வந்தது. பிறகு சொர்ணவல்லியைச் சுற்றி வந்தது. சொர்ணவல்லி வழக்கம்போல் மூச்சை உள்ளே இழுத்தாள். பிச்சையம்மாள் அவள் இடுப்பில் ஒரு குத்து விட்டாள்.

"மூச்சை விடுங்க. நான் துணிக்கு அளவு எடுக்குறேன், காலண்டருக்கு இல்லை."

கதவுக்கு இந்தப் பக்கம் இருளாண்டி எண்களைக் கேட்டுக் கேட்டுச் சாக்குக்கட்டியால் மேஜையில் கோடு போட்டார். "மறுபடிச் சொல்லு... மறுபடிச் சொல்லு..." என்றார். அவர் வாழ்நாளில் கேட்ட முதல் உண்மைகள் அவை.

இப்படிப்பட்ட ரகசியம் ஒரு வீட்டுக்குள் எத்தனை நாழிகை இருக்கும்? மறுநாள் காலையில் பிச்சையம்மாளின் கொல்லைப்புற வாசலில் வரிசை நின்றது. எல்லாரும் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர்கள். ஒருத்தி உப்பு வாங்க, ஒருத்தி கோழியைத் தேட. ஒவ்வொருத்தியாக உள்ளே போய், வெளியே வரும்போது சிரித்துக்கொண்டு வந்தாள். வற்றலாக இருக்கும் அழகி என்பவள்கூட, "எனக்கும் அக்குள்ள அந்தச் சதுரம் வையி. அதுதான் இப்ப மோஸ்தராம்ல?" என்று கேட்டாள். இருளாண்டியின் மிஷின் ஓயவில்லை. பெண்கள் வேலை தலைக்குமேல் போனதால், மிராசின் ஜிப்பாவைப் பழைய அளவிலேயே வெட்டித் தைத்துத் தள்ளிவிட்டார்.

திருவாதிரை. சாயங்காலம். கோயில் வாசலில் வட்டம் கூடியது.

அரக்குப் பட்டு ரவிக்கையில் உண்ணாமலை நடுவில் வந்து நின்றாள். உப்பிய கை. காலண்டர்ப் பெண்ணுக்கு உப்பியதைவிட நன்றாகவே உப்பியிருந்தது. சனம் மூச்சைப் பிடித்தது. போன வருஷத்து 'டர்ர்' எல்லார் காதிலும் தயாராக இருந்தது. முன்வரிசையில் புது ஜிப்பாவோடு ரெங்கசாமி, சொல்வதற்கு ஏதோ வைத்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தார்.

உண்ணாமலை கண்ணை மூடினாள். பாட்டெடுத்தாள். இரண்டு கையையும் தூக்கினாள். தோள் தாண்டி, காது தாண்டி, உச்சிக்குமேல்.

தட்டினாள்.

தையல் நின்றது!

வட்டத்தில் இருந்த அத்தனை கைகளும் அவள் பின்னால் எழும்பின. அந்த ஊர்ப் பெண்களின் கைகள் அவ்வளவு உயரம் போய் ஊர் பார்த்ததில்லை. எல்லாரையும்விட உயரப் போனவை சொர்ணவல்லியின் கைகள். அவள் முந்தானையைப் போர்த்தவில்லை. இடுப்பில் செருகியிருந்தாள். பூசணி பூசணியாகவே வந்து நின்று குதித்துக் கும்மியடித்தது.

ரெங்கசாமி தன் மனைவியைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். கனைத்து வைத்திருந்த வார்த்தையை விழுங்கினார். அவள் இத்தனை சந்தோஷமாகச் சிரித்து அவர் பார்த்தது கல்யாணத்தன்றுதான். அவரை அறியாமல் அவருடைய கைகளும் தாளத்துக்கு எழும்பின. தலைக்குமேல் போயின. தட்டின.

டர்ர்ர்!

கும்மி நின்றது. பெண்கள் ஒவ்வொருத்தியும் தன் தன் அக்குளைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் பத்திரம். பிறகு எல்லாத் தலைகளும் முன்வரிசைப் பக்கம் திரும்பின. அங்கே ரெங்கசாமி, இரண்டு கைகளையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றார்.

"அண்ணே, பின்கட்டுக்குப் போங்க," என்றாள் உண்ணாமலை, கண்மாய்க் கரை வரை கேட்கும் குரலில். "ஆம்பளைகளை இருளாண்டியண்ணன் அளப்பாரு. மூச்சை மட்டும் இழுத்துப் பிடிச்சிராதீக!"

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, அடுத்த அடியை எடுத்தாள்.