முச்சந்தியில் வெண்கொடி

இலங்கையின் ஓப்பநாயக்க ஊருக்கு அப்பால், முகில் தவழும் முடியிலிருந்து ஓடை சலசலக்கும் அடிவாரம்வரை பசுந்தேயிலை போர்த்துக் கிடந்த மலைத்தோட்டமொன்றில், கதிரவன் மேற்கே சாய, கொழுந்து நிறுத்துக் கொடுத்த மகளிர் களைத்த நடையராய்த் தம் வரிசை வீடுகளான லயங்களை நோக்கி இறங்கிவரும் வேளையில், கோயில் முச்சந்தியில் புதியதொரு பதாகை அசைந்துகொண்டிருந்தது. மாலையிட்ட வெளிநாட்டான் ஒருவன் முகமும், அதன்கீழ் 2006 – 2024 என்னும் ஆண்டுகளும் அதில் விளங்கின.

நல்லறிவுடைய வாசகரே, அவன் எசுப்பானிய நாட்டுக் கால்பந்து வீரன் இனாசியோ. பதினெட்டு ஆண்டுகள் தன் அணியின் பின்களத்தைக் காத்து ஓய்வு பெற்றவன். அவன்மேல் பித்துக்கொண்ட தோட்டத்து இளைஞர்கள் பதாகையைக் கட்டிவிட்டு, இரத்தினபுரிக்கு ஆட்டம் காணப் போயிருந்தனர்.

அதனை அண்ணாந்து நோக்கி வயிறெரிந்து நின்றான் கிருஷ்ணராஜ். அவனும் அதே பதினெட்டு ஆண்டுகள், சேறும் அட்டையும் மலிந்த திடலில், தோட்டத்து அணிக்குப் பின்களம் காத்து, முழங்கால் சிதைந்து, அதே ஆண்டில் ஆட்டத்தை விட்டவன். அவனுக்கு ஒருவரும் ஒரு பூக்கூடச் சூட்டவில்லை. கடல்கடந்தவனுக்குக் கழுத்து நிறைய மாலையா என்று அவன் நெஞ்சு புகைந்தது.

அடுத்த லயத்துத் தங்கம்மா அவ்வழி வந்தாள். படத்தையும் மாலையையும் ஆண்டுகளையும் கண்டு, “யாரு தம்பி தவறுனது?” என்றாள்.

பொறாமை அவன் நாவைப் பற்றிக்கொண்டது. “பந்தாடுற வெள்ளக்காரரு அக்கா. நம்ம பயலுகளுக்கு வேண்டியவரு. போயிட்டாரு” என்றான். சொன்னதும் அவனுக்கு உள்ளூர இனித்தது.

அந்தோ, அவ்வினிப்பு அந்திவரைகூட நிலைக்கவில்லை! பிள்ளைகளுக்கு வேண்டியவரென்றால் நமக்கும் வேண்டியவரே என்று கருதிய தோட்டத்தார், வழிநெடுக இழவுக்குரிய வெண்கொடி கட்டி, விளக்கேற்றிக் கூடிவிட்டனர். சொல்லால் கொல்லப்பட்டவனுக்குப் பெருமை இருமடங்காயிற்று. “அவரு ஆடுன ஆட்டத்ததான நீயும் ஆடுன? ரெண்டு வார்த்த பேசு தம்பி” என்று அவனையே முன்னே தள்ளினாள் தங்கம்மா.

எரிச்சலோடு தொடங்கினான் கிருஷ்ணராஜ். கோல் போட்டவனையே ஊர் தோளில் தூக்குமென்றும், கோல் விழாமல் தடுத்தவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லையென்றும் சொன்னான். வீங்கிய முழங்காலோடு விடியலில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போனதைச் சொன்னான். எசுப்பானிய நாட்டில் ஏது கவ்வாத்து என்று எவரும் கேட்கவில்லை. அவன் மனைவி கிருஷ்ணகுமாரி மட்டும், தான் எண்ணெய் தேய்த்த காலை அடையாளங்கண்டு தலைகுனிந்தாள்.

தங்கம்மா கண்களைத் துடைத்துக்கொண்டாள். “இம்புட்டுப் பாடுபட்ட மனுசனுக்கு, உசுரோட இருக்கையில யாராச்சும் ஒரு மால போட்டாங்களா?”

அவன் பதாகையைக் கைகாட்டினான். “அவரு சாகலக்கா. நான் சொன்னது பொய்யி. ஆட்டத்தத்தான் விட்டாரு. அந்த வருசம் நானும் விட்டேன்.”

கூட்டம் திகைத்தது. தங்கம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீயா? நீ எப்ப தம்பி விட்ட?”

பிறனொருவனைச் சாகடிக்க எழுந்த பொறாமை தன் இழவைத் தானே அழுது தீர்த்த அவ்வந்தியில், நொண்டி நொண்டிச் சென்று, வெண்கொடிகளை ஒவ்வொன்றாய் அவன் அவிழ்க்கலானான். கிருஷ்ணகுமாரி உடன்நடந்து அவற்றை மடித்து வாங்கிக்கொண்டாள்.