பூஜைக்கு ஓய்வெடுத்த கம்ப்யூட்டர்

மணியத்தின் அச்சுக்கடையில் மூளை என்று ஒன்று இருந்தால், அது மேசைக்கடியில் கிடந்த கம்ப்யூட்டரில்தான் இருந்தது என்பது அங்கே வேலை செய்யும் தேவகியின் தீர்மானம். அதையும் ஆயுத பூஜையன்று சாகடித்துவிட்டார்கள்.

சாகடித்தவன் சுகுமாரன், மணியத்தின் மனைவிக்குத் தம்பி. கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே அவன் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறானா, பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிறானா என்று குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. கழுத்தில் கம்பெனி அட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றால் போதும், மணியத்துக்கு அவன் என்ஜினியர்.

பூஜையன்று மாலை கம்ப்யூட்டரில் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்துவிடாதீர்கள் என்று திரையிலேயே எழுதியிருந்தது. ஆனால் நல்ல நேரம் முடியப்போகிறதே என்று மணியம் கற்பூரத் தட்டோடு தவித்தார். ஆயுதம் என்றால் பூஜையில் ஓய்ந்திருக்க வேண்டும். காகிதம் வெட்டும் இயந்திரம் ஓய்ந்துவிட்டது, பிரிண்டர் ஓய்ந்துவிட்டது, இது மட்டும் அடங்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. சுகுமாரன் குனிந்து பிளக்கைப் பிடுங்கினான். அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும் என்றானாம். தேவகி அப்போது பின்னறையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். டிசைன் செய்வதற்கென்று வேலைக்கு வைத்தவளுக்குச் சுண்டலும் சேர்த்திதான் அந்தக் கடையில்.

மறுநாள் காலை மறுபூஜை முடித்து, பொத்தானை அமுக்கினார்கள். புள்ளிகள் சுற்றின, திரை நீலமாயிற்று, அணைந்தது. மறுபடியும் சுற்றின, நீலமாயிற்று, அணைந்தது. மணியம் கைகூப்பி நின்று பார்த்தார். அதற்கும் அது மசியவில்லை.

தேவகிக்குக் கவலை வேறு. நாளைக்குப் பினாங்கில் ஒரு விளம்பர நிறுவனத்தில் அவளுக்கு இண்டர்வியூ. செய்த வேலைகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அவள் வேலையெல்லாம் இந்தப் பெட்டிக்குள்தான். கல்யாணப் பத்திரிகையா, எல்லா ஓரத்திலும் தாமரை போடு என்பார்கள். திருவிழா பேனரா, தலைவர் முகத்தை அம்மன் முகத்தைவிடப் பெரிதாகப் போடு என்பார்கள். கேட்டபடி ஒன்று போட்டுக் கொடுத்துவிட்டு, தன் மனசுக்குப் பிடித்தபடி ஒன்று செய்து ஒளித்து வைத்திருந்தாள். ஏழு வருஷத்து உழைப்பு. டிசைன் திருடு போய்விடும் என்று மணியம் கடைக்குள் பென் டிரைவையே அனுமதிப்பதில்லை. அந்தத் தாமரைகளை யார் திருடப்போகிறார்கள்? இன்று அவர் டெலிவரிக்குக் கிளம்பியதும் நகல் எடுத்துவிடலாம் என்று கைப்பையில் ஒரு பென் டிரைவை மறைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

இந்த நோய்க்கு வைத்தியம் அவளுக்குத் தெரியும். சிடாம் கிரி ஊரில் அவள் அக்கா வீட்டு லேப்டாப்புக்கும் இதேதான் வந்தது. நீலத் திரையிலேயே உள்ளே போய், கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கச் சொன்னால் எழுந்துகொள்ளும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ கைய வைக்காதம்மா," என்றார் மணியம். "தம்பி லீவு போட்டுட்டு வர்றாரு. இதெல்லாம் படிச்சவங்க பார்க்கணும்லா."

"எனக்குத் தெரியும்ண்ணே."

"உனக்குக் கலர் தெரியும். இது மிஷின்."

தேவகி எழுந்துவிட்டாள். மூஞ்சியில் அறைந்தாற்போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் சுகுமாரன் வந்தான், அட்டையும் அவனோடு வந்தது. கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகைத் தட்டிப் பார்த்தான். பிளக்கை எடுத்து ஊதினான். ஊதுகிறான்! இவனுக்கு அணைத்து அணைத்துப் போடுவதைத் தவிர வேறென்ன தெரியும்? ஒரு மணி நேரம் முட்டி மோதட்டும், அப்புறம் தானாக வந்து கேட்பான், வாய் திறந்து கேட்ட பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எதிர்வரிசைக்கு நடந்தாள்.

எதிரே நாகூர் மீரானின் சாப்பாட்டுக் கடை. வாசல் மேசையில் உட்கார்ந்து தே தாரேக் வாங்கிக் குடித்தாள். பிறகு சோறு சொன்னாள். அங்கிருந்து பார்த்தால் அச்சுக்கடை முழுவதும் தெரிந்தது. சுகுமாரன் தலையைச் சொறிவதும், மணியம் அவனுக்கு விசிறிவிடாத குறையாக நிற்பதும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தன. இத்தனை வருஷத்தில் அந்தக் கடை அவளுக்குக் கொடுத்த ஒரே பொழுதுபோக்கு இதுதான்.

பாதிச் சோற்றில் சுகுமாரன் வாசலுக்கு வந்து நின்றான். இந்தப் பக்கம் பார்த்துக் கையசைத்தான். தேவகி மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"தேவகி, அந்தத் தம்பி உன்னையத்தான் கூப்புடுறாரு போல," என்றார் நாகூர் மீரான்.

"கூப்புடட்டும் நானா. காலு இருக்குதானே, நடந்து வரட்டும்."

அவன் மறுபடி கையசைத்தான். அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். திரும்பிப் பார்த்தபோது வாசலில் ஆள் இல்லை. இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று பசாருக்குப் போய், நாளைக்கு உடுத்தும் சேலைக்குத் தோதாக வளையலும் பார்த்துவிட்டு வந்தாள்.

கடைக்குள் நுழைந்தபோது ஊதுவத்தி மணந்தது. கம்ப்யூட்டர் எழுந்துவிட்டிருந்தது. சுகுமாரன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மணியத்தின் முகத்தில் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்த பூரிப்பு.

"பார்த்தியா? தம்பி எழுப்பிட்டாரு."

தேவகி திரையைப் பார்த்தாள். வாங்கி வந்த அன்று இருந்ததுபோல மொழுமொழுவென்று இருந்தது. அவள் மௌஸைப் பிடித்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். பேனர்கள் இல்லை. பத்திரிகைகள் இல்லை. அவள் ஒளித்து வைத்தவையும் இல்லை. நாளைக்குக் காட்ட ஒரு கோடுகூட மிச்சமில்லை. மௌஸை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"என்ன செஞ்சே?"

சுகுமாரனின் முகம் மாறிவிட்டது. கழுத்து அட்டையைப் பிடித்துத் திருகிக்கொண்டே பேசினான்.

"ரெண்டு வழி காட்டுச்சுக்கா. உள்ள உள்ளத வெச்சுக்கணுமா, எல்லாத்தையும் தொடைச்சிறணுமான்னு. உள்ளதுலதான் கோளாறுன்னா வெச்சு என்ன பண்றதுன்னு எனக்குப் புரியல. உங்களத்தான் கேக்கணும்னு மச்சான்கிட்டயும் சொன்னேன். அதான் வாசல்ல நின்னு ரெண்டு தடவ கூப்பிட்டேன். நீங்க பார்க்கலையா?"

அவள் கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"பார்த்தேன்," என்றாள் தேவகி.