தங்கச்சி முகம்

மலேசியாவின் புக்கிட் ரோத்தானில் முகக் கிரீம் விற்கும் யூஜினியா, தங்கை மேகியை ஃபேஸ்புக் லைவுக்குக் கூப்பிட்டாள். அக்கா தன்னையும் ஓர் ஆளாக மதிக்கிறாள் என்று மேகி புதுச் சேலை கட்டிக்கொண்டு ஆசையாகப் போனாள்.

லைவ் தொடங்கியதும் யூஜினியா அவள் தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள்.

"இவ என் தங்கச்சி. என்னைவிட ஆறு வயசு சின்னவ. ஆனா எனக்கு அம்மா மாதிரி இருக்கா, பாருங்க! விடிஞ்சதுலேருந்து சீனி அள்ளிப் போட்டு தே தாரேக் டீயா குடிச்சா, தோல் இப்படித்தான் தொங்கும்."

பார்த்தவர்கள் சிரிப்புப் பொம்மைகளாக அனுப்பிக் குவித்தார்கள். மேகிக்குக் கண் கலங்கியது. ஆனாலும் கேமராவைப் பார்த்துச் சிரித்து வைத்தாள்.

விளக்கை அணைத்த யூஜினியா, "நல்ல சேல்ஸ் லா. அடுத்த வாரமும் வா. அதுவரைக்கும் சீனிய விட்டுடாத" என்றாள்.

மேகி சரியென்று தலையாட்டினாள். வேறு யாரும் அவளை எதற்கும் கூப்பிடுவதில்லை.