ட்ரம்பெட் ஊதுகிறவளின் தொப்பிக்கு நான்கு ஊசி

1

போன ஆனி மாதம் கம்பத்தில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தில் நான் பார்த்தது இவ்வளவுதான். பெண்கள் மட்டுமே வாசிக்கிற பேண்டு செட்டு. முன்வரிசையில் ட்ரம்பெட் ஊதிக்கொண்டிருந்த பெண்ணின் தொப்பியைக் காற்று தூக்கியது. சிவப்புத் தொப்பி, நெற்றிப் பக்கம் வெள்ளை இறகுக் குஞ்சம். ரோட்டில் இரண்டு முறை உருண்டு மாப்பிள்ளை கார் முன்னால் போய் விழுந்தது. கார் அதன்மேல் ஏறிப் போனது. அந்தப் பெண் பாட்டை விடவில்லை. கண்ணை மட்டும் ஒருமுறை மூடித் திறந்தாள். அவள் காதுக்கு மேலே மூன்று ஊசிகள் பாதி கழன்று தொங்கின.

மற்றதெல்லாம் நான் கட்டியது. பெயர்கள், பிள்ளை, காய்ச்சல், நேர்த்திக்கடன், எல்லாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லத் தெம்பு இருக்காது. இதை எழுதுவது ஏழாவது முறை.

இதுவரை எழுதிய தொடக்கங்கள்:

"குமுளி மலையிடுக்கில் நுழைந்த காற்று பள்ளத்தாக்கில் இறங்கி" (வேண்டாம். இந்தக் காற்றை இங்கே யாருக்கும் அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஆனி, ஆடியில் முருங்கை முறியும். கொடியில் போட்ட துணியை அடுத்த தெருவில் போய்க் கேட்டு வாங்க வேண்டும்.)

"சினேகாவுக்குத் தொப்பி பிடிக்காது." (ட்ரம்பெட் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் சினேகா. வாக்கியம் பொய். அவளுக்குப் பிடிக்கும்.)

"தொப்பி என்பது கவிழ்த்து வைத்த கிண்ணம். அதன் முன்விளிம்புக்குக் கீழே காற்று புகுந்தால்" (இது கதை ஆகாது. ஆனால் எனக்கு வருவது இதுதான். இங்கிருந்தே போகிறேன்.)

2

காற்று முன்விளிம்பைத்தான் தூக்கும். பெண்கள் பின்னால் கொண்டையில் நாலு ஊசி குத்திவிட்டு நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். பின்பக்கம் நிற்கும், முன்பக்கம் மூடி மாதிரித் திறக்கும். திறந்த பிறகு பின் ஊசிகள் கீல்தான், பூட்டு இல்லை.

நாடிக்குக் கீழே எலாஸ்டிக் போடலாமே என்று கேட்பீர்கள். டிரம் அடிக்கிறவள் போடலாம். ட்ரம்பெட் ஊதுகிறவளுக்கு ஊதும்போது கன்னமும் தாடையும் ஓயாமல் அசையும். எலாஸ்டிக் நழுவித் தொண்டைக்கு இறங்கும். மூச்சு வர வேண்டிய வழியை இறுக்கிக்கொண்டு யாரும் மேல்ஸ்தாயி ஊத முடியாது. கையால் பிடித்துக்கொள்ளவும் வழியில்லை. இரண்டு கையும் வாத்தியத்தில். ஆக, அந்தத் தொப்பி தலைமுடியை மட்டுமே நம்பி நிற்க வேண்டும்.

முடியை நம்புவதற்கு முறை உண்டு. இரண்டு நெற்றிப்பொட்டுக்கும் மேலே கொஞ்சம் முடியை எடுத்து, காசு அகலத்துக்கு வட்டமாகச் சுருட்டி, அதன்மேல் இரண்டு ஸ்லைடைக் குறுக்கே போட வேண்டும். ஸ்லைடின் நெளிந்த கால் தலைப்பக்கம் இருக்க வேண்டும். பாதிப் பேர் அழகுக்கு என்று நினைத்து நெளிவை மேலே வைக்கிறார்கள். முடியைப் பிடிப்பதே அந்த நெளிவுதான். இப்போது தலையில் இரண்டு முளை அடித்தாயிற்று. தொப்பியின் உள்துணியில் அந்த முளைகளுக்கு நேராக இரண்டு, பின்னால் இரண்டு, நாடாவில் சின்ன வளையம் தைக்க வேண்டும். கொண்டை ஊசியை* வளையத்துக்குள் விட்டு, முடி வளர்ந்திருக்கும் திசைக்கு எதிராக நுழைத்து, தோலில் உரசியதும் அப்படியே திருப்பி உள்ளே தள்ள வேண்டும். ஊசி தானாக வெளியே வர வேண்டுமானால் அதுவும் திரும்பியாக வேண்டும். காற்றுக்கு இழுக்கத் தெரியும், திருப்பத் தெரியாது.

அன்று காலையில் தலைக்குக் குளித்திருக்கக் கூடாது. குளித்த முடி வழுக்கும்.

(* கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறுகிறவர்கள் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்திருப்பார்கள். ரோட்டுக்கு அந்தப் பெயர் வந்தது இந்த ஊசியால். தலையில் குத்துகிற எதையும் விட ரோடு பெரியது என்பதால் நான் வெகுநாள் அதை மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.)

3

பேண்டு செட்டு சிக்கந்தர் பாயுடையது. அறுபது வயது, முழு வழுக்கை. முப்பது வருடம் ட்ரம்பெட் ஊதியவர். சினேகாவுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். தொப்பி கார் சக்கரத்தில் போன மறுநாள் அவளைக் கூப்பிட்டார்.

"பொண்ணு வீட்டுக்காரக மொகத்தச் சுளிச்சுட்டாகம்மா. மாப்ள கார் ஏறுன தொப்பி. இனி அந்த வீட்டுல எவன் தும்முனாலும் தொப்பியத்தான் சொல்லுவாக."

"கார் ஓட்டுனவரு பிரேக்கு போட்டுருக்கலாம்ல பாய்."

"அவரு ஒன் பாட்டக் கேட்டுக்கிட்டு வந்துருப்பாரு." பாய் சிரிக்கவில்லை. "ஆவணி மொத முகூர்த்தம் சின்னமனூர்ல. அங்கன தொப்பி நின்னா நீ ட்ரம்பெட். நிக்காட்டி கிலுகிலுப்பை. அதுக்கு ஒரு கை போதும், இன்னொரு கையால தொப்பியப் பிடிச்சுக்க."

நாலு வருடம் உதடு தடித்துக் கற்றுக்கொண்டவளிடம் கிலுகிலுப்பை என்றார். சினேகா வீட்டுக்குப் போய்ப் புதுத் தொப்பிக்குள் நாடா வளையம் தைத்தாள்.

பத்து நாள் கழித்து பாயின் ஷெட்டில் சோதனை நடந்தது. கல்யாண மண்டபத்திலிருந்து ஒரு பெடஸ்டல் ஃபேன் வந்தது. ஃபேனைப் பிடித்துக்கொண்டவள் யாஸ்மின், பாயின் தங்கை மகள், செட்டில் சைடு டிரம் அடிக்கிறவள்.

"ஒண்ணுல வையி," என்றாள் சினேகா.

"குமுளிக் காத்து ஒண்ணுலயா வருது?" யாஸ்மின் மூன்றில் வைத்தாள்.

ஒரு பாட்டு முழுக்க ஊதினாள். குஞ்சம் மல்லாந்து படுத்தது, தொப்பி அசையவில்லை. பாய் பின்னால் வந்து தொப்பியைப் பிடித்துத் தூக்கினார். தலையும் கூடவே வந்தது.

"விடுங்க பாய், வலிக்குது."

"வலிச்சாத்தான் நிக்கிதுன்னு அர்த்தம்," என்றார் பாய். அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

4

மூன்றாவது பிரதியில் கதை இங்கே முடிந்தது. படித்துப் பார்த்தேன். மிக்ஸி வாங்கினால் உள்ளே மடித்து வைத்திருப்பார்களே ஒரு தாள், அது மாதிரி இருந்தது. ஒரு பொருள் வேலை செய்கிறது என்பது எனக்குப் போதும்; வாசிக்கிறவர்களுக்குப் போதாது என்கிறார்கள்.

ஆகவே பிள்ளைக்குக் காய்ச்சல் கொடுத்தேன். சினேகாவின் மகன், மூன்று வயது, பெயர் மகிழன். ஆடி முதல் வாரம் டெங்கு. தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். இப்படிச் செய்ததற்கு எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பிள்ளையின் அப்பா விஜயபாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் ஓட்டுகிறவன். ஆஸ்பத்திரிக்கும் மலைக்கும் அலைந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் ராப்பகலாக இருந்தவர்கள் இருவர். சினேகாவும், விஜயபாண்டியின் அக்கா சந்தனம்மாளும்.

மூன்றாம் நாள் ரத்தத்தில் பிளேட்லெட் என்கிற தட்டணு இன்னும் இறங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். சினேகா வீரபாண்டி அம்மன் கோயில் இருக்கிற திசைக்குத் திரும்பிக் கையெடுத்தாள்.

"ஆத்தா, எம்புள்ளையக் காப்பாத்திக் குடு. முடி எறக்குறேன்."

இதை நான் வேகமாக எழுதினேன். நன்றாக வந்ததென்றும் நினைத்தேன். பிள்ளை பிழைத்தான், அதில் சந்தேகம் வேண்டாம், எந்தப் பிரதியிலும் அவனைச் சாகவிடவில்லை. தொல்லை அந்த வாக்கியத்தில் இருந்தது. அதில் ஒரு சொல் இல்லை. யார் முடி?

வேறு மொழிகள் சிலவற்றில் யாருடையது என்று சொல்லாமல் இந்த வாக்கியத்தை முடிக்கவே முடியாதாம். தமிழ் கேட்பதில்லை. "கை கழுவினேன்" என்றால் யார் கை என்று எவரும் கேட்கமாட்டார்கள். இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம். எழுதிய எனக்கும் அந்த இடத்தில் எதுவும் தோன்றவில்லை. சந்தனம்மாளுக்குத் தோன்றியது.

5

"ஆடிக் கடேசி வெள்ளிக்குள்ள எறக்கிரணும் புள்ள," என்றாள் சந்தனம்மாள். வீடு திரும்பிய மறுநாள். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மகிழனுக்குத்தான மதினி?"

"அவன் மண்டையில அன்னைக்கு என்ன இருந்துச்சு? மொட்ட போட்டுக் காது குத்தி ஒம்பது நாளு. இல்லாத முடியவா ஆத்தாகிட்ட நேந்த?"

(அது உண்மை. இரண்டாவது பிரதியில், சந்தனம்மாளுக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டுமே என்று, ஆனிக் கடைசியில் பிள்ளைக்கு மொட்டை போட வைத்து அவள் மடியில் உட்கார்த்தியிருந்தேன். பிறகு மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.)

"வளரும்ல. வளந்ததும் எறக்குறேன்னுதான் மதினி."

"அப்படிச் சொல்லலையே நீ."

"மனசுல இருந்துச்சு."

"மனசு எனக்குக் கேக்காது. வாயிதான் கேட்டுச்சு." கொஞ்ச நேரம் வெங்காயத்தை உரித்தாள். "நானுந்தான் ஒங்கூட ஒக்காரப் போறேன். ஒத்தையில மொட்டையாத் திரியுறமேன்னு நெனைக்காத."

"ஒங்களுக்கு ட்ரம்பெட் இல்ல மதினி."

"அது இல்லதான்," என்று ஒப்புக்கொண்டாள் சந்தனம்மாள்.

இவளை வில்லி ஆக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஐந்து நாள் அந்தப் பிள்ளைக்கு மூத்திரத் துணி மாற்றியவள் அவள். சினேகாவுக்கும் மதினியிடம் பயம் கிடையாது. அடுத்த முறை பிள்ளைக்கு உடம்பு சுடும்போது, நேர்ந்ததைச் செய்யாததால்தான் என்று நினைக்கப்போகிற தன்னிடம்தான் பயம். அன்று தான் என்ன நினைத்தோம் என்று திரும்பத் திரும்ப யோசிக்கிறாள். பிள்ளையின் முடியையா, தன் முடியையா? எதையுமே நினைக்கவில்லை என்பதுதான் உண்மையோ என்று அவளுக்குப் படுகிறது.

கணக்கு இப்படி. முடி மாதத்துக்கு அரை அங்குலம் வளரும். பொட்டுக்கு மேலே வட்டமாகச் சுருட்டி ஸ்லைடு போட நாலு அங்குலமாவது வேண்டும். எட்டு மாதம். ஆவணி, ஐப்பசி, கார்த்திகை, தை, மாசி, பங்குனி முகூர்த்தமெல்லாம் போய்விடும். அதற்குள் பாய் வேறொருத்திக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ட்ரம்பெட் இல்லாமல் பேண்டு செட்டு கிடையாது.

6

மாற்று வழிகள்.

ஒன்று, வாக்கியத்தைத் திருத்துவது. பெண்கள் மொட்டை போட முடியாதபோது நுனி முடியில் மூன்று கத்தரி கொடுப்பார்கள். பூமுடி என்று பெயர். சாமியும் அதை ஏற்றுக்கொள்ளும். ஒரே சொல்தான் மாற்ற வேண்டும்:

"ஆத்தா, எம்புள்ளையக் காப்பாத்திக் குடு. பூமுடி" (அழித்துவிட்டேன். பாட்டிலில் சொட்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய் சாமியிடம் அளவு பேசுவாளா? நான் எழுதினால் பேசுவாள். படிக்கிற நீங்கள் நம்பமாட்டீர்கள்.)

இரண்டு, யாஸ்மின் சொன்னது. "முடி எதுக்குக்கா? நான் துணியிலதான குத்துறேன்." அவள் தலையை ஒட்டி உள்துணி ஒன்றைச் சுற்றி, அதன்மேல் முக்காடு சுற்றி நாடிக்குக் கீழே இறுக்கிக் குத்திக்கொள்வாள். தொப்பி அந்தத் துணியில் நிற்கும்.

இது எனக்குப் பிடித்த யோசனை. ஆனால் மொட்டைத் தலையில் நிற்குமா? சினேகாவை மொட்டை போடச் சொல்லிவிட்டுச் சோதிக்க முடியாதே. ஷெட்டில் ஏற்கெனவே ஒரு வெறுந்தலை இருந்தது.

"மாமு, அசையாதீக," என்றாள் யாஸ்மின். சிக்கந்தர் பாய் முக்காடு கட்டி, அதன்மேல் குஞ்சம் வைத்த தொப்பியோடு, ஃபேனுக்கு முன்னால் நின்று ட்ரம்பெட்டை எடுத்தார்.

"மாமி பாத்தாகன்னா நிக்காஹ ரத்து பண்ணிருவாக."

"ஃபேனப் போடு கழுத."

முதல் தடவை துணியை இறுக்கிக் கட்டினாள். பாயின் தாடை அசைய வழியில்லாமல் சுரம் உடைந்தது. தளர்த்திக் கட்டியதும் ஊத முடிந்தது. பாதிப் பாட்டில் வேர்த்த மண்டையிலிருந்து துணி, முக்காடு, தொப்பி மூன்றும் சேர்ந்தாற்போல் பின்னால் சரிந்தன. மூன்று தடவை கட்டிப் பார்த்தார்கள். தொப்பியைத் துணி பிடிக்கிறது. துணியை எது பிடிக்கும்? டிரம் அடிப்பவளுக்கு நாடி பிடிக்கும். ஊதுகிறவளுக்கு முடிதான்.

பாய் துணியை அவிழ்த்து மடித்து யாஸ்மினிடம் கொடுத்தார். சினேகாவைப் பார்க்காமல் சொன்னார். "சாமி விசயத்துல நான் வாயி விடக்கூடாதும்மா. மொட்டையில நிக்காது. அது மட்டும் எனக்குத் தெரியும்."

மூன்று, ஆவணியில் காற்றை நிறுத்துவது. ஐந்தாவது பிரதியில் நிறுத்திப் பார்த்தேன். சின்னமனூர்க்காரர்கள் யாரும் படிக்காமல் இருக்க வேண்டும்.

7

ஆடிக் கடைசி வெள்ளி. வீரபாண்டி. ஆற்றங்கரைப் பக்கம் முடி எடுக்கிற கொட்டகையில் வரிசை நீளமாக இருந்தது. சந்தனம்மாள் முதலில் உட்கார்ந்து எழுந்துவிட்டாள். மண்டையைத் தடவிப் பார்த்து, அது யாருடையதோ என்பது மாதிரிக் கையை எடுத்தாள்.

"லேசா இருக்கு புள்ள," என்றாள்.

சினேகா மணைப்பலகையில் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். முடி இடுப்புக்குக் கீழே விழுந்தது. முடி எடுக்கிற ஒச்சாண்டி இரண்டு குவளை தண்ணீர் ஊற்றி விரலால் அளைந்து நனைத்தார். பெண்கள் வந்து உட்கார்ந்தால் அவர் வழக்கமாகக் கேட்பதுதான். காலையிலிருந்து நாற்பது பேரிடம் கேட்டிருப்பார்.

"முழுசா, பூமுடியாம்மா?"

சினேகா மதினியைப் பார்த்தாள். சந்தனம்மாள் ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேட்கக் கூடாது என்று திருப்பினாளா, பார்க்கத் தாங்காமல் திருப்பினாளா என்று எனக்கே தெரியவில்லை. நான்தான் எழுதினேன்.

"முழுசா" என்று எழுதிய பிரதியில் அவள் எட்டு மாதம் கிலுகிலுப்பை குலுக்கினாள். எனக்குக் கை ஓடவில்லை. "பூமுடி" என்று எழுதிய பிரதியில் சின்னமனூரில் தொப்பி அருமையாக நின்றது. வீடு திரும்பியதும் அவள் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மறுநாளும் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கையை என்னால் நிறுத்த முடியவில்லை. ஊசி எப்படி நிற்கும் என்று கேளுங்கள், இன்னும் பத்துப் பக்கம் சொல்கிறேன். இதற்கு என்னிடம் முறை கிடையாது. ஒரு சொல் இல்லாத வாக்கியத்தை எழுதியவன் நான். அந்த இடத்தில் எந்தச் சொல்லை வைத்துப் படித்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரிப் பக்கத்தைப் படித்தபோதே ஒன்றை வைத்திருப்பீர்கள்.

ஒச்சாண்டியின் ஒரு கையில் கத்தி, ஒரு கையில் கத்தரி. பின்னால் வரிசை நகரவில்லை.

"சொல்லும்மா," என்கிறார். "நனைச்ச முடி காயுது."