காலி சுவாதீனம்

அந்த வக்கீலுக்குக் கோர்ட்டு வட்டாரத்தில் 'குழாய் வக்கீல்' என்று பெயர். கொலைக் கேஸுகளில் வாதாடி ஜூரிகளை அழவைப்பதாகக் கனவு கண்டு கறுப்புக் கோட்டு தைத்துக்கொண்டவர்தான். வந்து சேர்ந்ததென்னவோ வீடு விற்பவர்களும் வாங்குபவர்களும். ஒப்பந்தம் போட்டாகிவிடும், பத்திரப் பதிவுக்கு நாள் குறித்தாகிவிடும், அப்போது பார்த்து ஒரு குழாய் சொட்டும். 'சரிசெய்து கொடுத்தால்தான் கையெழுத்து' என்று ஒருவர் முறுக்குவார். 'கண்ணைத் திறந்து பார்த்துத்தானே பேசினீங்க' என்று மற்றவர் முறுக்குவார். நடுவில் இவர் நோட்டீஸ் எழுதுவார். ஒரு தடவை, எழுதிய நோட்டீஸுகளைச் சுருட்டித் திணித்திருந்தாலே அந்தக் குழாய் அடைபட்டிருக்கும் என்று மச்சான் சொன்னான். பெயர் ஒட்டிக்கொண்டது.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. அவனும் வக்கீல், அவனுக்கும் இதே பிழைப்பு. வாரம் முழுக்க ஒருவரையொருவர் 'தங்கள் கட்சிக்காரரின் விபரீதப் பிடிவாதம்' என்று எழுதிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தை அறுந்துபோகாமல் இருந்ததற்கு அந்த நோட்டீஸுகளும் ஒரு காரணம்.

குழாய் வக்கீலின் கட்சிக்காரரான ஒரு தையல்காரம்மாவின் வீட்டை வாங்க வந்த நர்ஸுக்கு மச்சான்தான் வக்கீல். அவன் அனுப்பிய குறைப் பட்டியலில் குளியலறைத் தரை விரிசலும் ஒரு ஜன்னல் கண்ணாடியும் இருந்தன. அவற்றைத் தையல்காரம்மா மறுபேச்சில்லாமல் சரிசெய்துவிட்டார். மிச்சம் இருந்தது சமையலறையின் பின்கதவு. 'தாழிட்டாலும் தானே திறந்துகொள்கிறது.'

குழாய் வக்கீல் நேரில் போய் அந்தக் கதவைப் பார்த்தார். கதவும் அவரைப் பார்த்தது. சாத்தியே இருந்தது, மகா சாது.

"கார்பெண்டர் வந்தாராம்மா?"

"வந்தார். தாழ்ப்பாளை மாத்தினார். அப்புறம் கீலை மாத்தினார். அப்புறம் என்னையே மாத்தணும்கிற மாதிரி பார்த்துட்டுப் போயிட்டார்."

"இன்னும் தொறக்குதா?"

"சாயங்காலம் மட்டும். அவ வேலை முடிஞ்சு வர்ற நேரம்."

"யாரு?"

"என் நாத்தனார்."

வக்கீல் பேனாவைத் திறந்தார். "அவங்ககிட்ட ஒரு சாவி இருக்கோ?"

"அவ செத்துப்போயி ரெண்டு மழைக்காலம் ஆச்சு, தம்பி."

வக்கீல் பேனாவை மூடினார்.

தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். நாத்தனாருக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. தையல்காரம்மாவின் கணவர் காலமான பிறகு, அண்ணி ஒரு அறையிலும் நாத்தனார் ஒரு அறையிலுமாகக் காலம் ஓடியது. ஒரு நாள் ஏதோ ஒரு வார்த்தை. அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான்.

"முன்பக்கம் என் மெஷின் இருக்கறதால அவ பின்பக்கமா வருவா. அந்த முக்காலியில உக்காருவா. நான் டீ போட்டு மேடையில வைப்பேன். இந்தான்னு சொல்ல மாட்டேன். டம்ளரைக் கொஞ்சம் சத்தமா வைப்பேன், அவ எடுத்துக்குவா. இப்பவும் அப்படித்தான். உயிரோட இருந்தப்பவும் பேசல, இப்பவும் பேசல. எனக்கு ஒண்ணும் பெரிய வித்தியாசம் தெரியல."

"பயமா இல்லையாம்மா?"

"அவளுக்கா? நான் அவளுக்கு எப்பவுமே பயந்ததில்ல." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "பயமெல்லாம் வேற. முழங்கால் போயிடுச்சுன்னு பொண்ணு என்னைத் தன்னோட கூப்பிட்டுக்கறா. நான் போயிடுவேன். புதுசா வர்றவங்க இரும்புப் பட்டை போட்டு அடைச்சிட்டாங்கன்னா இவ எங்க போவா? வெளியிலயே நிப்பா. தட்டக்கூட மாட்டா. அவ்வளவு வீம்பு."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொன்ன விதம் வக்கீலோடு கூடவே வந்தது. ஆபீசுக்குத் திரும்பியதும் கிரயப் பத்திரத்தின் நகலில் ஒரு ஷரத்தைச் செருகினார்: 'பின்கதவானது மாலை வேளைகளில் தாழிடப்படலாகாது.' எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, தன் தொழில் வாழ்க்கை எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அவருக்கே விளங்கவில்லை.

மச்சான் போன் போட்டான். "அத்தான், இது என்ன வீடா, புறாக் கூண்டா?"

"காத்தோட்டத்துக்கு, மச்சான்."

"காத்தோட்டமா? என் பார்ட்டிக்கு நடக்கப் பழகற குழந்தை இருக்கு. அந்தக் கதவுக்கு வெளியில ரெண்டு படி, அதுக்கப்புறம் லாரி போற ரோடு. நீங்களே சொல்லுங்க, அக்காகிட்ட இதைச் சொன்னா உங்களுக்கு ராத்திரி சோறு போடுவாளா?"

போடமாட்டாள். அதுதான் சங்கடம். கதவு மூடினால் ஒருத்தி வெளியே நிற்பாள், மூடாவிட்டால் ஒரு குழந்தை வெளியே போகும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற வழக்கு அவர் கைக்கு வந்ததே இல்லை. வழக்கமாக இரண்டு பக்கமும் இருக்காது.

கடைசியில் எல்லோருமாக ஒரு சாயங்காலம் நேரில் பார்த்துவிடுவது என்று ஏற்பாடு. கதவு திறந்தால் நர்ஸ் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வார். நர்ஸ் யூனிபாரத்தோடு நேராக டியூட்டியிலிருந்து வந்திருந்தார். மச்சான் ஒரு கோலிக்குண்டு கொண்டுவந்திருந்தான். தரையில் உருட்டி, "வாட்டம் சரியில்ல, அவ்வளவுதான்," என்றான். கோலிக்குண்டு உருளாமல் வைத்த இடத்திலேயே நின்றது. அதைச் சட்டென்று எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சுவரோரம் கிடந்த முக்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

புதுத் தாழ்ப்பாளை நர்ஸே தன் கையால் போட்டு, இழுத்துப் பார்த்தார். தையல்காரம்மா அடுப்பில் தண்ணீர் வைத்தார். வெளியே லாரி ஒன்று போய், அதன் அதிர்வு பாத்திரங்களில் கொஞ்ச நேரம் இருந்து அடங்கியது. ஜன்னலில் வெளிச்சம் பழுத்து, கறுத்துக்கொண்டே வந்தது.

தாழ்ப்பாள் நகர்ந்தது. ஓசை ஒன்றும் பெரிதாக இல்லை. தன் வீட்டுக்குள் வருகிற ஒருவர், உள்ளே இருப்பவருக்குத் தொந்தரவு வேண்டாமென்று தள்ளுகிற மாதிரி கதவு மெள்ள உள்ளே வந்தது. அதனோடு ஈர நீராவியும் பிளீச்சிங் பவுடருமாக ஒரு வாடை வந்தது. நர்ஸின் கை தன் யூனிபாரத்தின் கழுத்துப்பட்டையைத் தொட்டது. தினமும் சலவையிலிருந்து வருகிற அந்த வாடை அவருக்குத் தெரியும்.

குழாய் வக்கீல் சுவரில் சாய்ந்தார். சாய்ந்தது என்று மரியாதைக்குச் சொல்வது. சுவர்தான் அவரைப் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் மச்சான் எழுந்தான். பயந்து எழுந்திருந்தால் பரவாயில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு வரும் பெரியவர்களுக்கு எழுந்துகொள்வது போல, யோசிக்காமல் எழுந்து, ஒதுங்கி நின்று, "உக்காருங்க," என்றான்.

முக்காலி லேசாகக் கிறீச்சிட்டது.

தையல்காரம்மா டம்ளரை மேடையில் 'டக்'கென்று வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மச்சான் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோர்ட்டில் பேசுகிற குரலில், ஆனால் கிசுகிசுப்பாகச் சொன்னான்: "அத்தான், நாம தப்பான தலைப்புல சண்டை போட்டுட்டிருக்கோம். இது ரிப்பேர் இல்ல. இது காலி சுவாதீனம்."

விற்பவர், வீட்டில் ஆள் யாரும் குடியில்லாமல் ஒப்படைக்க வேண்டும் என்பதற்கு வக்கீல்கள் வைத்திருக்கிற பெயர் அது. கதவில் குறை இல்லை. வீட்டில் ஆள் இருக்கிறார். இதற்குக் கார்பெண்டரைக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? இத்தனை வருஷம் குழாயும் கதவுமாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு மனுஷி தெரியாமல் போனதில் குழாய் வக்கீலுக்கு வெட்கமாக இருந்தது.

"அப்ப அவங்களுக்குத் தகவல் சொல்லணுமே," என்றார். "வீடு வித்தாச்சுன்னு அவங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

எல்லோரும் தையல்காரம்மாவைப் பார்த்தார்கள்.

"நீங்க வக்கீல்தானே. நீங்க சொல்லுங்க," என்றார் அவர்.

"கூடக் குடியிருந்தவர் நீங்கம்மா. நாங்க சொன்னா நோட்டீஸ். நீங்க சொன்னாத்தான் தகவல்."

"நான் எப்படிச் சொல்றது?" தையல்காரம்மா மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அந்த வயதான முகம் வகுப்பில் எழுப்பிவிடப்பட்ட பிள்ளையின் முகம்போல் ஆனது. "எங்களுக்குள்ள பேச்சு இல்லையே."

நர்ஸ்தான் முதலில் வெளியே நடந்தார். "வாங்க, ரெண்டு பேரும். அவங்க வீட்டு விஷயம்."

மூவரும் பின்பக்கம் படியருகில் நின்றார்கள். கதவு திறந்தே இருந்தாலும் யாரும் உள்ளே பார்க்கவில்லை. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, துருப்பிடித்த எதையோ திருகுகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"டீ ஆறுது."

அப்புறம் அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடித்தது. வார்த்தைகள் தெளிவாகக் கேட்கவில்லை. நிறுத்தி, காத்திருந்து, மறுபடி பேசியது. ஒரு பதிலுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவுதான் காத்திருந்தது. மச்சான் தன் அத்தானின் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அத்தானும் அதைத் தட்டிவிடவில்லை.

தையல்காரம்மா வாசலுக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது. பேச்சில் எரிச்சல்தான்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் வேணுமாம்."

"எதுக்கும்மா?"

"கிளம்பணும்னா சும்மாவா? அவ சாமானெல்லாம் போட்டது போட்டபடி கிடக்கு."

"எங்க போறாங்க?" என்று மச்சான் கேட்டான்.

"என் கூடத்தான். வேற யாரு இருக்கா அவளுக்கு?"

நர்ஸ் சம்மதமாகத் தலையாட்டினார். மறுநாள் குழாய் வக்கீல், 'உடன் குடியிருப்பவர் காலி செய்வதற்கு வெள்ளிக்கிழமை வரை அவகாசம்' கோரி எழுதினார். 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரே வரியில் பதில் வந்தது. மச்சான் அவ்வளவு சுருக்கமாக எழுதியது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலை அவர் வாடகைக் கார் பிடித்துக்கொண்டு போனார். தையல் மெஷினை டிக்கியில் ஏற்றி, சாவியை வாங்கிக்கொண்டு, பின்சீட்டில் தையல்காரம்மாவோடு உட்கார்ந்து பஸ் ஸ்டாண்டு வரை போவதாக எண்ணம். ஆனால் தையல்காரம்மா கதவோரம் ஒட்டி, முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுபக்கம் கதவு திறந்து கிடந்தது. சீட்டில் ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. வக்கீல் சுற்றிவந்து டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

"இன்னும் யாராவது வரணுங்களா?" என்று டிரைவர் கேட்டான்.

"ஏறியாச்சு. நீ கதவைச் சாத்திட்டு வாப்பா," என்றார் தையல்காரம்மா.

கார் தெருமுனை திரும்புவதற்குள் பின்னாலிருந்து பிளீச்சிங் பவுடர் வாடை வந்தது. வக்கீல் திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்த சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார்.

"கண்ணாடியை இறக்கினா என் தலையெல்லாம் தூசி," என்று தையல்காரம்மா பின்சீட்டில் யாரிடமோ எரிந்து விழுந்தார். "உனக்குக் காத்து வேணும்னா முன்னாடியே சொல்லியிருக்கணும். வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துது?"

கொஞ்சம் இடைவெளி விட்டார்.

"நான் ஒண்ணும் கத்தல," என்றார்.