சாட்சி வண்டி நிறுத்துமிடத்தில் இருக்கிறார்

ஓடிப்போவதற்கான விண்ணப்பம் பதினோரு பக்கம் இருந்தது.

நோலன் அதைச் சமையலறை மேசையில் வைத்து நிரப்பினான். தேதி, நேரம், வண்டிகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை. படிவத்தில் 'திருமணம்' என்றுதான் போட்டிருந்தார்கள். ஆனால் அந்த மலைப் பூங்காவுக்கு வந்து கல்யாணம் செய்துகொள்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குச் சொல்லாமல் வருகிறவர்கள் என்பது அலுவலகத்துக்குத் தெரியும். அவர்களுக்கென்றே நான்காம் பக்கத்தில் 'விருந்தினர் இல்லை' என்று ஒரு கட்டம். நோலன் அதில் குறி போட்டான். ஆட்கள்: இரண்டு. வண்டி: ஒன்று. நாற்காலி: இல்லை. அரிசியோ பூவிதழோ வீச மாட்டோம், பட்டாம்பூச்சி பறக்கவிட மாட்டோம்: கையெழுத்து.

"பட்டாம்பூச்சியா?" என்றான்.

"எவனோ விட்டிருக்கான். இல்லாட்டி எழுதுவாங்களா?" என்றாள் டெஸ்.

டெஸ் குளிர்காலத்தில் மலைப்பாதையில் பனி ஒதுக்கும் வண்டி ஓட்டுபவள். நோலன் நீர்வளத் துறைக்காக மலையேறி, பனியில் குழாயைக் குத்தி, அதன் ஆழத்தை அளப்பவன். இவன் அளந்து முடிக்கட்டும் என்று ஒரு நாள் அவள் வண்டியை நிறுத்திக் காத்திருந்தாள். பழக்கம் அப்படி ஆரம்பித்தது. பதினான்கு மாதமாகிறது.

நோலனுக்கு முதல் கல்யாணத்தில் இருநூற்றுப் பதினான்கு விருந்தினர். அந்த மனைவி ஹெய்டி இறந்து இரண்டு வருடம் ஏழு மாதம். இந்த முறை யாரும் வேண்டாம் என்றான். டெஸ் சரி என்றாள். ஒரே நிபந்தனை. கவர்னர் சாட்சியாக இருக்க வேண்டும்.

கவர்னர் ஒரு நாய். காது தரையைத் தொடும், வயிறும் ஏறக்குறைய தொடும். கொலராடோவில் கல்யாணத்துக்குப் பாதிரியாரும் வேண்டாம், நீதிபதியும் வேண்டாம். பெண்ணும் மாப்பிள்ளையும் உரிமப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. சாட்சி கட்டாயமில்லை. ஆனால் அதற்கு ஓர் இடம் விட்டிருப்பார்கள். பலர் அதில் தங்கள் நாயின் பாதத்தை மையில் தோய்த்துப் பதித்துவிடுவார்கள். மாவட்ட அலுவலகம் ஒன்றும் சொல்வதில்லை.

சிக்கல் என்னவென்றால் கவர்னர் ஹெய்டியின் நாய். அவளுக்குப் பிறகு அதை யார் வைத்துக்கொள்வது என்று சண்டை எதுவும் வரவில்லை. ஹெய்டியின் அம்மா லோர்னா ஒரு நாள்காட்டியோடு வந்தார். ஞாயிறு மாலை முதல் வியாழன் காலை வரை நோலன், பச்சை. வியாழன் முதல் ஞாயிறு வரை லோர்னா, நீலம். பூங்காவில் கிடைத்த ஒரே தேதி ஒரு வெள்ளிக்கிழமை. நீலம்.

நோலன் தொலைபேசியில் அழைத்தான்.

"லோர்னா, பத்தொம்பதாம் தேதி கவர்னர் எனக்கு வேணும்."

"அது வெள்ளிக்கிழமை. என்னோட நாள்."

"தெரியும். பல்லு சுத்தம் பண்ணணும்."

"மார்ச்ல பண்ணியாச்சே. டாக்டரே பாத்துட்டு, உங்க பல்லைவிட நல்லாருக்குன்னாரு."

"நகமும் வெட்டணும்."

"இருக்கறது பதினெட்டு நகம். அதுக்கு ஒரு நாள் பூரா எதுக்கு? ஒண்ணொண்ணா தபால்ல அனுப்பப் போறியா?"

"மலைக்குக் கூட்டிட்டுப் போலாம்னு..."

"நாம குடியிருக்கறதே மலைதானே, ராசா."

கடைசியில் இரண்டு திங்கட்கிழமைகளை ஈடாகக் கொடுத்து அந்த வெள்ளியை வாங்கினான். ஏன் என்று லோர்னா கேட்கவில்லை. அது அவனுக்கு நிம்மதியாகவும் இருந்தது, கேவலமாகவும் இருந்தது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அனுமதிக் கடிதம் வந்தது. மூன்றாம் எண் இடம், காலை ஆறே முக்கால், இரண்டு பேர். டெஸ் நிபந்தனைகளைப் படித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றாள்.

"நாய் வண்டி நிறுத்துமிடத்தைத் தாண்டக் கூடாதாம். புல்லுல ஒரு காலடிகூட வைக்கக் கூடாதாம். வண்டிக்குள்ள தனியா விட்டுட்டும் போகக் கூடாதாம்."

நோலன் பூங்கா அலுவலகத்தை அழைத்தான். வனக்காவலர் ஒர்டேகா எடுத்தார்.

"எங்க கல்யாணத்துக்கு ஒரு நாய்தான் சாட்சி," என்றான்.

"வாழ்த்துகள் சார். நாய் புல்வெளிக்கு வரக் கூடாது."

"சாட்சி இல்லாம எப்படிங்க?"

"சாட்சி வண்டி நிறுத்துற இடத்துல இருக்கட்டும். ஆறடிக் கயிறு. கயித்தோட இன்னொரு முனையில ஒரு ஆள் இருக்கணும்."

"அப்போ மூணாவதா ஒரு ஆளைச் சேத்துக்கறேன்."

"திருத்தத்துக்கு இருபத்தோரு நாள் ஆகும் சார்."

"இன்னும் பத்து நாள்தான் இருக்கு."

ஒர்டேகா குரலைத் தாழ்த்தினார். "யாராவது வேற வண்டியில, வேற முன்பதிவுல, தற்செயலா ஒரு நாயோட வந்து நின்னா நான் கேக்க முடியாது. அதுக்குப் பேரு சுற்றுலா."

நாயைப் பிடிக்க ஆள் தேடினார்கள். பனி வண்டி ஓட்டும் பிரெண்ட் என்பவன், டெஸ்ஸின் கூட்டாளி, நான் இருக்கேன் என்றான். ஒத்திகைக்குக் கூட்டிப் போனான். கவர்னர் தரையில் படுத்து, ஒரே சுருதியில், நாற்பது நிமிடம் ஊளையிட்டது.

"இது நாய் இல்ல. தீயணைப்பு வண்டி," என்று கயிற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அண்டை வீட்டுக்காரர், தபால்காரர், டெஸ், யார் பிடித்தாலும் அதே சுருதி. கவர்னர் பேசாமல் நிற்பது மூன்று பேரிடம்தான். நோலன் ஒன்று. லோர்னா ஒன்று. மூன்றாமவள் ஊருக்கு மேற்கே கல்லறைத் தோட்டத்தில் இருந்தாள்.

"அப்ப நாய் வேண்டாம். விட்டுடலாம்," என்றான் நோலன்.

டெஸ் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒன்றைக் கழற்றி, மற்றதோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"நாய் வேண்டாம்னா வேண்டாம்ப்பா. ஆனா நீ பயப்படறது நாயைப் பத்தி இல்ல. போன சனிக்கிழமை கடையில லோர்னாம்மா என்னைப் பாத்தாங்க. 'நீ நோலன்கூட வேலை செய்ற பொண்ணுதானே'ன்னாங்க. ஆமான்னுட்டு ரொட்டியை எடுத்துட்டு வந்துட்டேன். பதினாலு மாசமா உன்கூட வேலை செய்றேன் நானு. அவங்ககிட்ட சொல்லாம கட்டிக்கிட்டேன்னு வெச்சுக்க, அதுக்கப்புறமும் நான் உன்கூட வேலை செய்றவதான்."

"சொன்னா அவங்க தாங்க மாட்டாங்க."

"அவங்களா, நீயா?"

நோலன் அவள் கழற்றிய பூட்ஸை எடுத்துச் சுவரோரம் வைத்தான். வாரத்துக்கு இரண்டு முறை நாயைக் கைமாற்றும்போது வாசலில் நின்று ஐந்து நிமிடம் பேசுவார்கள், லோர்னாவும் அவனும். ஹெய்டியின் பெயர் வராது. வராவிட்டாலும் அந்த ஐந்து நிமிடத்தில் அவள் இருப்பாள். அது போய்விட்டால் அவள் எங்கே இருப்பாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் வியாழன். நாயைக் கொண்டுபோய் விட்டான். ஐந்து நிமிடத்தோடு திரும்பாமல் உள்ளே போனான்.

லோர்னா முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் சமைத்தவர். வியாழன் என்றால் காரமான பீன்ஸ் கறிக் குழம்பும் லவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும்தான். ஒன்று காரம், ஒன்று தித்திப்பு. அந்த மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் சுருளைக் குழம்பில் தொட்டுத் தின்று வளர்ந்தவர்கள். ஒரு கிண்ணத்தை அவன் முன்னால் வைத்தார்.

"பத்தொம்பதாம் தேதி நீங்கதான் கவர்னரைப் பிடிச்சுக்கணும்," என்றான்.

"இப்பதானே அந்த நாளைக் கெஞ்சி வாங்கினே."

"ஆமா. ஆனா பிடிக்க ஆள் வேணும். மலையில. வண்டி நிறுத்துற இடத்துல."

"நீ எங்க போற?"

"ஓடிப்போறேன்."

"யார்கிட்டேர்ந்து?"

இந்தக் கேள்விக்கு அவன் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. "உங்ககிட்டேர்ந்து," என்றான்.

லோர்னா கரண்டியைப் பானைக்குள் வைத்தார். திரும்பிக் குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த ஒரு தட்டைக் கழுவினார். நீண்ட நேரம் கழுவினார். நாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"உன்கூட வேலை செய்ற பொண்ணா?"

"ஆமா."

"நீ பனியை அளக்கறே. அவ அதை ஒதுக்கறா. ஒரே பனியை வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் இவ்வளவு நாளா என்ன பண்றீங்கன்னு நானும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

நோலன் சுருளைக் குழம்பில் தொட்டான். வாய்வரை கொண்டுபோக முடியவில்லை.

லோர்னா சரி என்றும் சொல்லவில்லை, வாழ்த்தும் சொல்லவில்லை. "காலையில அவனுக்குச் சாப்பாடு போடாதே. வளைவு ரோட்டுல வாந்தி எடுப்பான்," என்றார். "இல்ல, அன்னிக்கு அவன் என்கிட்டதானே இருப்பான்," என்று தானே திருத்திக்கொண்டார். வருவேன் என்று சொல்லவில்லை.

பத்தொன்பதாம் தேதி புல் முழுக்க வெள்ளையாக உறைபனி. ஆறே முக்காலுக்கு வண்டி நிறுத்துமிடத்தில் நோலனின் வண்டி மட்டும்தான் நின்றது. அவன் ஒரே ஒரு கோட்டு வைத்திருந்தான், அதைப் போட்டிருந்தான். டெஸ் பச்சை உடையும் பனி பூட்ஸும். ஐந்து நிமிடம் போனது.

"வராட்டி பரவால்ல," என்றாள் டெஸ். அவள் கையில் மைப்பெட்டி இருந்தது.

அப்போது லோர்னாவின் வண்டி வளைவில் திரும்பியது. மிகத் தள்ளி, வேறு வரிசையில் போய் நின்றது. லோர்னா இறங்கினார். தலையில் அகலத் தொப்பி, கழுத்தில் தொலைநோக்கி, கையில் தலைகீழாக விரித்த வரைபடம். இன்னொரு கையில் கவர்னர். நேராக நோலனிடம் வந்தார்.

"மன்னிக்கணும். உங்களை எங்கயோ பாத்த மாதிரி இருக்கு," என்றார் உரத்த குரலில்.

"லோர்னா, இங்க யாரும் இல்ல."

"வருவாங்க. எனக்குத் தனி முன்பதிவு. நான் தற்செயலா வந்தவ."

வனக்காவலர் ஒர்டேகா வந்தார். கையில் அனுமதிக் கடிதம். ஆட்களை எண்ணினார்.

"இந்தம்மா உங்க கூட்டமா?"

"நான் சுற்றுலா. ஊரு நெப்ராஸ்கா," என்றார் லோர்னா.

கவர்னர் நோலனின் கால்சட்டையை நக்கிக்கொண்டிருந்தது. ஒர்டேகா அதையே பார்த்தார். "நாய்க்கு இவரைத் தெரியும்போல."

"நெப்ராஸ்கா நாய். யாரா இருந்தாலும் நக்கும்."

மூன்றாம் எண் இடம் நாற்பது தப்படி தள்ளி, ஒரு தட்டையான பாறை. அதன் மேல் முகவாயை வைத்தபடி ஆண் எல்க் மான் ஒன்று படுத்திருந்தது. சுற்றிலும் பதினோரு பெண் மான்கள். இனச்சேர்க்கைக் காலம். ஆண் மான் தன்னைத் தவிர வேறு யாரையும் மாப்பிள்ளையாக நினைக்கும் மனநிலையில் இல்லை.

"எழுபத்தஞ்சு அடி தள்ளி நிக்கணும். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கிட்டு, கட்டை விரலைத் தூக்குங்க. விரலுக்குப் பின்னாடி மான் முழுசா மறையணும். மறையலைன்னா பின்னாடி போங்க," என்றார் ஒர்டேகா.

மணமகனும் மணமகளும் கட்டை விரலைத் தூக்கினார்கள். மான் மறையவில்லை. பின்னால் போனார்கள். மான் எழுந்து இரண்டு அடி முன்னால் வந்தது. இன்னும் பின்னால் போனார்கள். அது இன்னும் வந்தது. இப்படியே ஒற்றைக் கண்ணோடு, விரலை நீட்டியபடி, பின்பக்கமாக நடந்து நடந்து, நோலனின் முதுகு எதிலோ இடித்தது. லோர்னாவின் வண்டி. மான் இப்போது சரியாக மறைந்தது.

"அதை எழுப்பி அனுப்ப முடியாதாங்க?" என்றான்.

"அது அவங்க வீடு சார். அனுமதி மூணாம் எண் இடத்துக்குத்தான். இங்க விழா நடத்த முடியாது." ஒர்டேகா கடிதத்தை நான்காக மடித்தார். "ஆனா, பேப்பர்ல கையெழுத்துப் போடறது விழா இல்ல. பேனாவுக்கு அனுமதி தேவையில்ல. நான் அந்தப் பக்கம் திரும்பி மானை எண்ணப் போறேன். அது என் வேலை. மெதுவாத்தான் எண்ணுவேன்."

திரும்பிக்கொண்டார்.

லோர்னாவின் வண்டியின் முன்மூடி சூடாக இருந்தது. படிவத்தை அதன் மேல் விரித்தார்கள். டெஸ் கையெழுத்துப் போட்டாள். நோலன் பேனாவை வாங்கினான். லோர்னா வரைபடத்துக்குப் பின்னால் இருந்தார். நோலன் போட்டான்.

"சாட்சி," என்றாள் டெஸ்.

நோலன் நாயைத் தூக்கி முன்மூடியில் உட்காரவைத்தான். கவர்னர் பாதங்களை வயிற்றுக்குள் மடக்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்தான். வரவில்லை. கெஞ்சினான். டெஸ் பிஸ்கட் காட்டினாள். அது மானைப் பார்த்தது.

வரைபடம் கீழே இறங்கியது.

"கவர்னர்," என்றார் லோர்னா. "மசோதா வந்திருக்கு."

ஹெய்டி பழக்கிய வார்த்தை. நாய்க்கு அந்தப் பெயர் வந்ததே இந்தக் கையெழுத்து விளையாட்டுக்காகத்தான். இரண்டு வருடம் ஏழு மாதமாக யாரும் அதைச் சொன்னதில்லை. கவர்னர் நிமிர்ந்து உட்கார்ந்து வலது பாதத்தை நீட்டியது.

லோர்னா அதைப் பிடித்து மையில் தோய்த்து, சாட்சியின் கட்டத்தில் அழுத்தினார். எடுத்தபோது பாதத்தின் பக்கத்தில் அவருடைய கட்டை விரல் ரேகையும் விழுந்திருந்தது.

"ஐயய்யோ. செல்லுமா இது?"

"நெப்ராஸ்காக்காரங்களோடதும் செல்லும்மா. ஏழு, எட்டு," என்றார் ஒர்டேகா திரும்பாமலே.

லோர்னா மை விரலைக் கோட்டில் துடைத்தார். டெஸ்ஸை மேலிருந்து கீழாகப் பார்த்தார், பூட்ஸ் வரை. "இன்னிக்கு வெள்ளி. நாய் என்னோடது."

"சரிங்க."

"ஞாயித்துக்கிழமை அவனை அழைச்சிட்டுப் போக இவனை அனுப்பாதே. நீ வா. உனக்கு எந்த நாள், என்ன கலர்னு பேசணும். மஞ்சள் காலியா இருக்கு."

"என்கிட்ட நிக்க மாட்டானேம்மா. ஊளையிடுவான்."

"எல்லாம் பழகிக்கணும். அவனும்தான்," என்று லோர்னா கயிற்றை அவள் கையில் திணித்தார்.

கவர்னர் கயிற்றைப் பார்த்தது. டெஸ்ஸைப் பார்த்தது. தலையைத் தூக்கி அதே சுருதியில் ஆரம்பித்தது. புல்வெளியிலிருந்து ஆண் மான் கழுத்தை நீட்டிப் பதிலுக்குக் கூவியது. பெண் மான்கள் எழுந்து திசைக்கொன்றாக ஓடின.

டெஸ் கயிற்றை விடவில்லை.

"போச்சு," என்றார் ஒர்டேகா. "மறுபடி முதல்லேர்ந்து எண்ணணும்."