டுவெய்னின் மூன்றாவது ஓட்டம்

ஆர்லின் ஏறி உட்கார்ந்ததும் பிக்கப் வண்டி அவன் பக்கமாக ஒருமுறை சாய்ந்து, யோசித்து, நிமிர வேண்டாமென்று முடிவுசெய்தது போல அப்படியே நின்றுவிட்டது.

"நீ ஏறினாத்தான் மச்சான் வண்டிக்கு நிஜமான லோடு. டியூனிங்குக்கு அதான் சரி" என்றான் டுவெய்ன்.

"உன் வண்டிக்கு மாடு ஏத்திப் பழக்கம் இருக்குல்ல, என்னையும் தாங்கும். ஓட்டு."

ஆர்லின் லேப்டாப்பைத் திறந்து வயிற்றின் மேல் வைத்தான். மடி என்ற ஒன்று அவனுக்கு இருந்து பல வருடமாகிறது. அந்த நிலத்தை வயிறு வளைத்துப்போட்டு வேலியும் கட்டிவிட்டது. எதிரே சோளம் அறுத்த வயல்களுக்கு நடுவே மண்சாலை கோடு போட்டது மாதிரி மேற்கே ஓடியது. சாலை முடிகிற இடத்தில் கூட்டுறவுச் சங்கத்தின் தானியக் கிடங்கு, ஜன்னலே இல்லாத வெள்ளைக் கான்கிரீட் சுவராக நின்றது. அங்கே வடக்கே திரும்பலாம், தெற்கே திரும்பலாம். நேராகப் போக வழியில்லை. கன்ஸாஸின் இந்த மூலையில் பெரிய எஞ்சின் வைத்திருக்கிற எல்லோரும் சோதித்துப் பார்ப்பது இந்தச் சாலையில்தான். அவர்களில் பாதிப் பேருக்காவது ஆர்லின் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

இந்த வண்டிக்கு சூப்பர்சார்ஜர் வேண்டுமென்று டுவெய்ன் பன்னிரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். "முதல்ல உன் மண்டைக்குள்ள கொஞ்சம் காத்து அடி, அப்புறம் எஞ்சினுக்கு அடிக்கலாம்" என்று மறுத்துக்கொண்டே இருந்தவள் அவன் மனைவி கார்லா, ஆர்லினின் தங்கை. மார்ச் மாதம் அவள் போய்ச் சேர்ந்தாள். அக்டோபரில் டுவெய்ன் ஒரு பெரிய பெட்டியோடு ஆர்லினின் பட்டறைக்கு வந்தான். ஆர்லின் எதுவும் கேட்கவில்லை. அழுகிற ஆளுக்குக் கைக்குட்டை கொடுப்பது மாதிரி ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான். இரண்டு பேரும் சேர்ந்து மாட்டினார்கள்.

மாட்டுவது சுலபம். கஷ்டம் அதற்கப்புறம்தான். அந்தக் கருவி காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். திணிக்கிற காற்றுக்குச் சமமாகப் பெட்ரோலும் போகவேண்டும். குறைந்தால் உள்ளே சூடேறி பிஸ்டன் மெழுகு மாதிரி உருகிவிடும். லேப்டாப் திரையில் ஓர் எண் ஓடும். பதினொன்றரை என்றால் நிம்மதி. ஏற ஏறப் பெட்ரோல் பத்தவில்லை என்று அர்த்தம். ஓட்டுகிறவனால் திரையைப் பார்க்க முடியாது, அவன் சாலையைப் பார்க்கவேண்டும். அதனால் இந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம்: பக்கத்தில் இருப்பவன் "விடு" என்றால் ஓட்டுகிறவன் அந்தக் கணமே காலை எடுத்துவிட வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் வண்டி நின்ற பிறகு.

முதல் ஓட்டத்தில் பாதிச் சாலையிலேயே எண் பன்னிரண்டரைக்கு ஏறியது. "விடு!" என்றான் ஆர்லின். டுவெய்ன் காலை எடுத்தான். ஆர்லின் திரையில் சில கட்டங்களில் பெட்ரோலைக் கூட்டி எழுதினான். திரும்பவும் கிழக்கு முனைக்கு வந்தார்கள்.

"ஜோலீன் உன்னைப் பத்தித்தான் பேசிட்டிருந்தா, காலைல" என்றான் ஆர்லின். ஜோலீன் அவன் மனைவி.

"என்ன தப்பு பண்ணேன்?"

"பாத்திரத்தை எல்லாம் குடுத்து முடிச்சுட்டியாமே."

சாவு விழுந்த வீட்டுக்கு ஊர்ப் பெண்கள் சமைத்துக்கொண்டு வருவார்கள். பாத்திரத்தின் அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். சாப்பிட்டுக் கழுவித் திருப்பிக் கொடுப்பது முறை. டுவெய்ன் கொடுக்கவில்லை. எட்டு மாதமாக அவன் சமையலறையில் ஊரின் பாதிப் பாத்திரங்கள் அடுக்கிக் கிடந்தன, யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற ஊர் இல்லை அது. இந்த வாரம் அவனே வீடு வீடாகப் போய், ஒவ்வொன்றையும் பளபளவென்று துலக்கி, மூடி மாறாமல் கொடுத்திருந்தான். தேவாலயத்தில், பெட்ரோல் பங்கில், எங்கு பார்த்தாலும் அதே பேச்சு: டுவெய்ன் தேறிவிட்டான். ஜோலீன் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆர்லின் அந்தச் சந்தோஷத்தில், பட்டைத்தூள் தூவி அவள் சுட்ட இனிப்பு ரொட்டியில், பட்டை ரோலில், ஒன்று கூடுதலாகத் தின்றான்.

"மத்தவங்க சாமான் எத்தனை நாள்தான் நம்ம வீட்ல கிடக்கும்" என்றான் டுவெய்ன். கியரைப் போட்டான்.

இரண்டாவது ஓட்டம் அழகாக இருந்தது. சூப்பர்சார்ஜர் ஊளையிட, எண் பதினொன்றரையில் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஆர்லின் ஒரு சின்னப் பெருமையோடு நிமிர்ந்து பார்த்தான். கிடங்கு பெரிதாக இருந்தது.

"விடு" என்றான்.

கால் எழவில்லை.

"டுவெய்ன், விடுடா!"

டுவெய்னின் முகத்தில் ஒன்றுமே இல்லை. கோபமோ பயமோ இருந்திருந்தால் ஆர்லினுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மழைக்கு முன்னால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் மாதிரி அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல ஆர்லின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு பிரேக்கை மிதித்தான். வண்டி சரளைக்கல்லில் வழுக்கி வழுக்கி, குறுக்குச் சாலையின் விளிம்பில் நின்றது. புழுதி பின்னாலிருந்து வந்து அவர்களைத் தாண்டிச் சுவரில் போய் மோதியது.

"நம்பர் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றான் டுவெய்ன்.

"நம்பர் நல்லாத்தான் இருந்துச்சு. ரோடுதான் தீர்ந்து போச்சு."

"சத்தத்துல கேக்கல மச்சான்."

ஆர்லின் சிரித்து வைத்தான். கிழக்கு முனைக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் எதையாவது பேசிக்கொண்டே வந்தான். என்ன பேசினான் என்று அவனுக்கே தெரியாது.

அங்கே வந்ததும் டுவெய்ன் பின்சீட்டிலிருந்து ஒரு அலுமினியத் தட்டை எடுத்தான். ஜோலீனின் பேக்கிங் தட்டு. சாவுக்கு அடுத்த நாள் அவள் கொடுத்தனுப்பியது.

"இதான் கடைசி. அவகிட்ட குடுத்துடு. நீ இறங்கிக்கோ, லேப்டாப் சீட்ல இருக்கட்டும், அது பாட்டுக்கு பதிவு பண்ணும். உன் வெயிட் இல்லாம எப்படி ஓடுதுன்னு பாக்கணும்."

ஆர்லின் தட்டை வாங்கினான். அடியில் டேப் அப்படியே இருந்தது, ஜோலீன் என்ற எழுத்து கொஞ்சமும் அழியாமல். அதைச் சுற்றி மட்டும் அவ்வளவு கவனமாகத் துலக்கியிருந்தான். எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் சேர்த்துவிட்டுக் கிளம்புகிற ஆளின் கவனம் அது. அதைத்தான் ஊர் முழுக்கத் தேறிவிட்டான் என்று மகிழ்ந்திருந்தது.

"இரு. வேகம் ஏறினா கொஞ்சம் பெட்ரோல் பத்தலை" என்று புளுகினான். "ஒரே ஒரு மாத்தம். எஞ்சினை அணை."

வேக வரம்பு என்று ஒரு கட்டம் உண்டு. அந்த வேகத்தைத் தாண்டினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் நின்றுவிடும். போன வாரம் டுவெய்ன் சொல்லித்தான் ஆர்லின் அந்த வரம்பை நீக்கியிருந்தான். இப்போது அதில் முப்பது மைல் என்று அடித்தான். தடித்த விரல், முந்நூற்று முப்பது என்று விழுந்தது. அழித்து மறுபடி அடித்தான். அனுப்பினான். திரையில் பச்சைப் பட்டை மெல்ல நகர ஆரம்பித்தது. எஞ்சின் அணைந்திருந்த அந்த அமைதிதான் அவனுக்குப் பேசக் கிடைத்த நேரம். வயலில் காற்று மட்டும் சோளத்தட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தது.

"ராத்திரி சாப்பாட்டுக்கு வா. ஜோலீன் பீன்ஸும் கறியும் போட்டு சில்லி வைக்கிறா. பட்டை ரோலும் மிச்சம் இருக்கு. நான் விட்டு வெச்சது."

"நீ விட்டு வெச்சியா? அப்போ நாளைக்கு உலகம் அழியும்." டுவெய்ன் சிரித்தான், முன்கண்ணாடி வழியே கிடங்கைப் பார்த்துக்கொண்டு. "கார்லாவும் ரெண்டையும் சேர்த்துத்தான் வெப்பா."

"தெரியும். எங்க அம்மாகிட்ட கத்துக்கிட்டது." ஆர்லின் திரையிலிருந்து கண்ணை எடுத்தான். "டுவெய்ன்..."

"ம்?"

கேட்க வேண்டியது வாய்வரை வந்தது. ஐம்பத்தெட்டு வருடம் கிண்டலுக்கு மட்டுமே பழகிய வாய். இதற்கு அதில் வழியில்லை.

"வருவியா, மாட்டியா?"

"பாக்கலாம் மச்சான்."

பட்டை நிறைந்தது. ஆர்லின் லேப்டாப்பை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினான். வண்டி பெருமூச்சு விட்டு நிமிர்ந்தது.

டுவெய்ன் கிளம்பினான். ஆர்லின் சாலை நடுவில் தட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அவன் நினைத்ததெல்லாம் தப்பாக இருக்கலாம். அப்படியானால் டுவெய்ன் திரும்பி வந்து, சூப்பர்சார்ஜர் போட்ட வண்டியை டிராக்டராக மாற்றிய மேதை என்று சாகும்வரை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். சிரிக்கட்டும். ஆர்லினுக்கு இப்போது உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான்.

ஊளை எழுந்தது. உடனே அறுந்தது. எஞ்சின் திக்கியது, விக்கியது, மறுபடி முழு மிதியில் உறுமியது, மறுபடி திக்கியது. டுவெய்ன் காலை எடுக்கவில்லை. தாகத்துக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் காட்டிப் பிடுங்குவது மாதிரியிருந்தது அந்தச் சத்தம். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க ஆர்லினால் முடியவில்லை, காதைப் பொத்தவும் முடியவில்லை. நினைத்தது சரிதான் என்று அந்தச் சத்தம் திரும்பத் திரும்பச் சொன்னது. கிடங்கு வரைக்கும் அப்படியே போனது. இந்த ஊரில் சுவர்கள் நிறைய இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் லேப்டாப்பில் கட்டம் கிடையாது என்ற நினைப்பு அவனுக்கு அப்போதுதான் வந்தது.

பிறகு சத்தம் நின்றது. சாலையின் முனையில், வெள்ளைச் சுவருக்கு முன்னால், இரண்டு சிவப்பு விளக்குகள் எரிந்தன.

பிரேக் விளக்குகள். கால் பிரேக்மேல் இருக்கிற வரைக்கும்தான் அவை எரியும். ஆர்லின் நடக்க ஆரம்பித்தான். பிறகு, ஆண்டுக்கணக்கில் செய்யாத ஒன்றாக, ஓட ஆரம்பித்தான். தட்டு வயிற்றில் இடித்துக்கொண்டே வந்தது, மூச்சு இரைத்தது. கண்ணை மட்டும் அந்தச் சிவப்பிலிருந்து எடுக்கவில்லை. விட்டுடாதே, விட்டுடாதே என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு ஓடினான். விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன.